ரோட்டார் ஷெட்டில் படித்த ஒரு சீன வினைச்சொல்

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நிற்கும் நேரத்தில் கடைசியாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். சட்னி அரைபட்டு முடிந்து, தடுக்க எதுவும் இல்லாமல் பிளேடு மட்டும் சுற்றுகிற சத்தம். அதைக் கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். எங்கே போறீங்க என்று வீட்டில் கேட்பார்கள். வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன். ஒரு ஷெட் நிறைய அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குக் கால் சும்மா இருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் ஒரு நூல் மில். எண்பதுகளில் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கேட்டை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பித்தளை டோக்கன். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள், முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது என் வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. இப்போது பெர்சனல் டிபார்ட்மெண்டில் சேருகிற பிள்ளைகளுக்கு அது வேறு பெயரில் தெரிந்திருக்கலாம். நாங்கள் அதை ‘பிரேக் போடுவது’ என்போம்.

பதிலி ஆட்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. பெர்மனென்ட் ஆள் வராத இடத்தை நிரப்ப வந்தவர்கள், வருஷக்கணக்காகத் தினமும் வருகிறவர்கள். அவர்களுக்குத் தொடர்ச்சியான சர்வீஸ் சேர்ந்துவிடக் கூடாதென்று வருஷத்தில் ஒரு மாசம் வேலைக்கு எடுக்காமல் நிறுத்துவார்கள். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அன்றைக்கு ஆணியில் டோக்கன் இருக்காது, அவ்வளவுதான். அந்த ஆள் ஆணியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தூக்குவாளியோடு திரும்பிப் போவார்.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த தங்கபுஷ்பம் அப்படி எட்டு வருஷமாகப் பதிலி. நிறுத்தப்பட்ட மாசத்தில் வத்திராயிருப்புப் பக்கம் தேங்காய்க் களத்துக்கு மட்டை உரிக்கப் போவாள். திரும்பி வரும்போது பத்து விரலும் கிழிந்து, தோல் தடித்து, சொரசொரவென்று இருக்கும். அந்தக் கையால் இழையைத் தொட்டால் இழை விரலில் மாட்டி அறும். கை பழைய பதத்துக்கு வர இன்னொரு மாசம். மில்லிலேயே வேகமான கையை மில்லே வருஷத்துக்கு ஒரு முறை கெடுத்துக்கொண்டிருந்தது. இதை யாரும் தப்பு என்றுகூட நினைக்கவில்லை. நடைமுறை என்றிருந்தோம்.

மெஷினும் மேடமும்

தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி சீனாவிலிருந்து ஒரு ரோட்டார் மெஷின் வாங்கினார். மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்தது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட அந்தக் கம்பெனியிலிருந்து லியூ என்கிற அம்மா வந்தார். நாற்பது தாண்டியவர், வெட்டிய முடி, நீலக் கோட்டு, துணிச் செருப்பு. கூட மெட்ராஸிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு வாரத்தில் அந்த மனுஷருக்கு வேறு ஊரில் வேறு மெஷின் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மில்லில் முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான்.

“ஒனக்குத்தான் ஒரு எடத்துல உக்கார முடியாதே. அந்தம்மா கூட நட. என்ன சொல்லுதாங்கன்னு கேட்டு எங்கிட்டச் சொல்லு.”

“எனக்குச் சைனா பாஷை தெரியாதே சார்.”

“எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

நான் அஞ்சல் வழியில் இந்தி படித்துப் பாதியில் விட்டவன். முப்பது நாளில் மலையாளம் என்ற புத்தகத்தையும் பாதியில் விட்டவன். பாதி பாதியாக இரண்டு பாஷை தெரிந்தால் மூன்றாவது முழுசாக வந்துவிடும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

லியூ மேடத்துக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியும். குட், நோ குட், அகெய்ன், டுமாரோ. மற்றதெல்லாம் கை, முகம், சாக்பீஸ். இந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு மெஷினையே ஓட்டிவிடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஷெட்டில் எல்லோரும் அவரை ‘சைனாக்கா’ என்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. கூப்பிட்டால் திரும்புவார்.

ஜ்யே

ரோட்டார் மெஷின் நீளமானது. இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உள்ளங்கை அகலத்துக்கும் குறைவான ஒரு கிண்ணம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். கீழே டிரம்மிலிருந்து பஞ்சுத் திரி ஏறி உள்ளே போகும், மேலே நூலாக வெளியே வரும். நூல் அறுந்தால் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். உடனே போய்ப் பெட்டியைத் திறந்து, கிண்ணத்தைத் துடைத்து, மூடி, அறுந்த நூலின் நுனியைத் திரும்ப உள்ளே விட வேண்டும். காற்று அதை உறிஞ்சும். உள்ளே பஞ்சோடு சேரும் அந்தக் கணத்தில் வெளியே இழுக்க வேண்டும். முந்தினால் சேராது. பிந்தினால் ஒட்டு தடித்துப் போகும், தறியில் அறும். பழைய ரிங் ஃப்ரேம் நூற்பு மெஷினில் இதே வேலைக்குப் பீசிங் என்று பேர், ஆனால் அங்கே இழை கண்ணெதிரே இருக்கும். இங்கே இருட்டுக்குள் நூலை விட்டு, விரல் சொல்வதை நம்ப வேண்டும்.

முதல் நாள் மேடம் ஒரு நூலை விட்டார், இழுத்தார். விளக்கு அணைந்தது. நூலைக் காட்டிச் சொன்னார்: “ஜ்யே.”

நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். நோ குட். கையைத் தரைக்கு நேராக நீட்டிக் காட்டினார்: குரல் இப்படி ஒரே உயரத்தில் போக வேண்டும். நான் கடைசியில் குரலை இறக்கிவிட்டேன். அவர் பாக்கெட் அகராதியைத் திறந்து, இறக்கிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று விரல் வைத்துக் காட்டினார். கடன் வாங்குவது. ‘வந்த அன்னைக்கே கடன் கேக்காத அண்ணாச்சி’ என்று பின்னாலிருந்து யாரோ பெண் சொல்ல, வரிசையே சிரித்தது.

தங்கபுஷ்பம் சொல்லைச் சரியாகச் சொல்லவில்லை. நூலை விட்டாள், இழுத்தாள், விளக்கு அணைந்தது. லியூ மேடம் அந்த ஒட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே ஒட்டு இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ‘குட்’ என்றார். அன்றைக்கு வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை.

ஜ்யே என்றால் அறுந்ததைச் சேர்ப்பது என்று எழுதிவைத்தேன். மறுநாளே அது போதவில்லை. மாஸ்டர் ரூமில் போன் அடித்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். மேடம் போனைக் காட்டி ‘ஜ்யே’ என்றார். எடு என்கிறார். அதற்கடுத்த நாள் மதுரையிலிருந்து ஏஜெண்ட் வந்தார், ஜீப் அனுப்பினோம். ஜீப் போன திசையைக் காட்டி அதே சொல்லைச் சொன்னார். வருகிறவரை எதிர்கொண்டு கூட்டி வருவதும் ஜ்யே. கேண்டீனில் நான் எதையோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியபோது, கையைச் சுழற்றி, ம், மேலே, என்பதற்கும் அதையே சொன்னார்.

எனக்குள் ஒரு பரபரப்பு ஏறிவிட்டது. தமிழில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல். ஒட்டு போடு, எடு, கூட்டி வா, தொடர்ந்து சொல். அவருக்கு ஒரே சொல். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிளில் அதைச் சொல்லிக்கொண்டே போவேன். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் ஜ்யே. பஸ் ஸ்டாண்டில் பார்சலைக் கைநீட்டி வாங்குகிறவன் ஜ்யே. மகப்பேறு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தபோது இதற்கும் இருக்குமோ என்று தோன்றியது. மறுநாள் கையில் குழந்தை ஏந்துவதுபோல் காட்டிக் கேட்டேன். ஆமாம், மருத்துவச்சி செய்வதும் அதுதான் என்று தலையசைத்தார். இரண்டு கைகளில் ஒன்று கொடுக்கிறது, இன்னொன்று தவறவிடாமல் பிடிக்கிறது. அந்தப் பிடிப்புக்குத்தான் அவர்கள் பேர் வைத்திருந்தார்கள்.

இரண்டு மணி

மில்லின் ஆட்களை வைத்து மெஷின் ஒரு வாரம் நல்லபடியாக ஓட வேண்டும். ஓடினால் மேடம் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனியின் உத்தரவாதம் செல்லும். இல்லையென்றால் மெஷினைக் கழற்றிக் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற தன் இன்னொரு மில்லுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மெஷினில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பதிலிகள். மெஷின் போனால் அவர்களும் போக வேண்டியதுதான். ஓடினால் பெர்மனென்ட் பற்றிப் பார்க்கலாம் என்று மாஸ்டர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். தங்கபுஷ்பம் என்னிடம் ஒரு தடவை சொன்னாள், பெர்மனென்ட்டோ எதுவோ, மறுபடி மட்டைக் களத்துக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று.

காலையெல்லாம் மெஷின் அருமையாக ஓடும். இரண்டு மணிக்குச் சரியும். ஒன்று, மூன்று, பத்து என்று சிவப்பு விளக்குகள் வரிசை முழுக்கப் பூத்துவிடும். மூன்று மணிக்கு மேல்தான் எல்லாம் அணைந்து பழையபடி ஓடும். தினமும் இதே கதை. காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் ஷிப்ட் மாறும்போது இந்தக் கோளாறு இல்லை. மேடம் மோட்டாரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். உச்சிவெயிலில் ஷெட் காய்ந்து ஈரம் குறைகிறதோ என்று தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினோம். இரண்டு மணிக்கு மறுபடி விளக்குகள். மாஸ்டர் இது யூனியன்காரன் வேலை என்றார். மேடம் சாப்பிடாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நானும் பின்னால் நடந்தேன்.

ஒருநாள் இரண்டு மணிச் சங்கு ஊதியது. வேலை முடிந்த பெண்கள் ஓடினார்கள். பின்னாலேயே மேடமும் ஓடினார். நான் டைம் ஆபீஸ் ஜன்னலில் டோக்கன் எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெண்களை ஏற்றிப் போகும் மில் வேன் போய்விட்டது, நீலக் கோட்டு அதற்குள் இருந்தது.

மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. பதற்றம் வந்தால் தெலுங்குதான் வரும் அவருக்கு. வெளிநாட்டுப் பொம்பளை, போலீஸில் பதிந்து வைத்திருக்கிறோம், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று அந்தப் பாஷையில் கத்திவிட்டுத் தன் ஸ்கூட்டர் சாவியை என் கையில் திணித்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை விரட்டினேன். ஊருக்குள் ஓர் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வாசலில் மில் வேன் நின்றது. மில் பெண்கள் எல்லாம் இறங்கி ஓரமாக நிற்க, எல்.கே.ஜி. பிள்ளைகளை டிரைவர் பால்பாண்டி ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். மேடமும் ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளைக் காட்டினார். “ஜ்யே,” என்றார். பிறகு ஓரமாக நின்ற பெண்களைக் காட்டி, மில் இருந்த திசையைக் காட்டி, தலையை ஆட்டினார். அங்கே யாரும் இல்லை.

இதில் தெரியாத விஷயம் எதுவுமே இல்லை. கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் என்று பொறுக்கிக்கொண்டு வரும் வேன், சரியாக இரண்டு மணிக்குக் கேட்டுக்கு வரும். இரண்டாம் ஷிப்ட் இறங்கும், முதல் ஷிப்ட் ஏறும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அதே வேன்தான் ஏற்றிப் போகும், பிள்ளைகள் காத்திருக்கும் என்பதால் வண்டி நிற்காது. தவறவிட்டால் ரோட்டில் நின்று டவுன் பஸ் பிடித்து, மாறி ஏறி, வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் சங்குக்கு முன்பே பெண்கள் பஞ்சைத் தட்டி, கை கழுவி, கேட்டைப் பார்த்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அறுகிற இழை அறுந்தபடியே கிடக்கும். வருகிறவர்கள் இறங்கி, டோக்கன் எடுத்து, சேலை மாற்றிக்கொண்டு வரும்போது மெஷின் யார் கையிலும் இருக்காது. ராத்திரி ஷிப்ட் ஆண்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், சைக்கிளில் வருகிறவர்கள். பத்து மணிக்கு முன்பே வந்துவிடுவார்கள், காலையில் பெண்கள் வரும்வரை பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார்கள். வேன் வருவதும் போவதும் எனக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், மில் நாய்க்குத் தெரியும். வெயிலையும் பெல்ட்டையும் யூனியனையும் பார்த்தோமே தவிர வேனைப் பார்க்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மேடம் எனக்குப் புதுச் சேர்க்கை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஜ்யே பான். ஷிப்டை வாங்கிக்கொள்வது. அவர் ஊர் மில்களில் வருகிற பெண்ணும் போகிற பெண்ணும் மெஷினைச் சேர்ந்து ஒரு சுற்று சுற்றுவார்களாம். இங்கே திரி குறைவு, இந்தப் பெட்டி தொல்லை கொடுக்கிறது என்று காட்டிக்கொடுத்த பிறகுதான் போகிறவள் போக முடியுமாம். நாம் ஷிப்ட் மாறுது என்கிறோம். அது பாட்டுக்குத் தானாக மாறுவதுபோல.

பேரம்

பால்பாண்டியைக் கேட்டோம். செத்த நேரம் பிந்திப் போக முடியுமா?

“பிந்திப் போறது ஆகாது சார். புள்ளைய ரோட்ல நிக்கும். முந்தி வரணும்னா சொல்லுங்க, வந்து நெழல்ல வண்டியப் போட்டுட்டுப் படுத்துக்கிடுதேன்.”

அப்படியென்றால் இரண்டாம் ஷிப்ட் பெண்கள் முன்கூட்டியே வர வேண்டும். மாஸ்டர் முதலில் தயங்கினார். இரண்டு ஷிப்ட் ஆட்கள் ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் வேலை செய்வதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால் மாட்டிக்கொள்வோம். வருகிறவர்கள் கை வைக்காமல் சுற்றி மட்டும் பார்க்கட்டும், டீ கொடுத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். அது அவருக்குப் பிடித்தது. பெண்களைக் கூட்டி, நாளையிலிருந்து இப்படி என்றார். வாரவ சுத்திப் பாத்து வாங்கின பொறவுதான் போறவ எடத்த விட்டு நகரணும் என்று மெஷினைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் கிளம்ப வேண்டுமென்றால் பகலில் தெருக்குழாயில் வருகிற தண்ணீரைப் பிடிக்க முடியாது. தங்கபுஷ்பம்தான் பேசினாள்.

“முன்னாடியே வாரோம் சார். அதுக்குக் காசு வேண்டாம். ஆனா இந்த வருசம் எங்களை நிறுத்தக் கூடாது.”

“அது வேற, இது வேற.”

“மிசினு செத்த நேரம் நின்னதுக்கு எம்புட்டுப் பாடு படுதிய. எங்களை மாசம் பூரா நிறுத்துதிய.”

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. லியூ மேடம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் புரியாமல், ஆனால் பதிலுக்காகக் காத்திருப்பவர்போல. சரி, யாரையும் நிறுத்தவில்லை என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மறுநாள் இரண்டு மணிக்கு நான் ஷெட்டுக்குள் போய் நின்றேன். வந்தவர்களும் போகிறவர்களும் ஜோடி ஜோடியாக மெஷினைச் சுற்றினார்கள். தங்கபுஷ்பத்தின் ஜோடி முதல் ஷிப்டில் நின்ற இசக்கியம்மாள், வத்திராயிருப்புக்காரி. ‘இந்த வீடு நேத்துலேருந்து மொனங்குது, இத ஒரு கண்ணு பாத்துக்கோ’ என்று அவள் பெட்டி பெட்டியாகக் காட்டிக்கொண்டே போனாள். சங்கு ஊதியது. விளக்குகள் எரியவில்லை. மேடம் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். இரண்டு நாள் வலித்தது.

சனிக்கிழமை

ட்ரையலின் கடைசி நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் டைம் ஆபீசுக்கு வந்தார். சனிக்கிழமை ரெண்டாம் ஷிப்டிலிருந்து மூன்று பதிலிகளுக்குப் பிரேக் போடச் சொன்னார். முதல் பேர் தங்கபுஷ்பம்.

நிறுத்தலைன்னு சொன்னியளே சார் என்றேன். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை என்றார். இவர்களைத் தொடர்ச்சியாக விட்டால் நாளைக்கு எல்லாப் பதிலியும் கேட்பான் என்று சொல்லிவிட்டாராம். “ட்ரையல் ரெண்டு மணியோட முடியுது. அவளுக்கு ஷிப்டே ரெண்டு மணிக்குத்தான்,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மூன்று டோக்கன்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மறுநாள் பகல் முழுக்க அவை நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தன. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை மாஸ்டர் ரூம் வாசல் வரை போனேன். ஒரு மணிக்கு மறுபடி போனேன். மேடம் போகட்டும், பொறவு பேசிக்கிடலாம் என்றார்.

வேன் முன்கூட்டியே வந்தது. பெண்கள் டோக்கனை எடுத்தார்கள். தங்கபுஷ்பம் தன் ஆணிக்கு நேராக நின்றாள். காலியான ஆணியை இதற்கு முன் ஏழு தடவை பார்த்தவள். தன் இரண்டு கையையும் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போய் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார்ந்தாள். உள்ளே போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள்.

சங்கு ஊதியது. முதல் ஷிப்டில் யாரும் வெளியே வரவில்லை.

நான் ஷெட்டுக்கு ஓடினேன். தங்கபுஷ்பம் இடத்துக்கு மாஸ்டர் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பகுதியிலிருந்து ஒருவனை அனுப்பியிருந்தார். அவன் பெட்டிகளுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இசக்கியம்மாள் நகரவில்லை. அவள் நகராததைப் பார்த்து வரிசையில் வேறு யாரும் நகரவில்லை. வந்தவர்கள் டீ டம்ளரோடு பின்னால் நின்றார்கள். வெளியே பால்பாண்டி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு ஷிப்ட் முடிஞ்சிருச்சு. போம்மா,” என்றார் மாஸ்டர்.

“எப்படிப் போக சார்? வாரவ சுத்திப் பாத்து வாங்கின பொறவுதான் எடத்த விட்டு நகரணும்னு நீங்கதான சொன்னிய.”

“இவன் வாங்கிக்கிடுவான்.”

“இவுகளுக்கு ரோட்டாரு தெரியாது சார். ஒரு இழை அறுந்தா யாரு பதில் சொல்ல?”

சொல்லிக்கொண்டே அவள் ஒரு பெட்டியைத் திறந்து, துடைத்து, நூலை விட்டு இழுத்தாள். விளக்கு அணைந்தது. அதுதான் மாஸ்டரைக் கட்டிப்போட்டது. ஸ்ட்ரைக் என்று சொல்ல முடியாது, மெஷின் ஓடுகிறது. அடங்கவில்லை என்று சொல்ல முடியாது, அவர் போட்ட சட்டம். இன்ஸ்பெக்டர் வந்தால் இரண்டு ஷிப்டும் ஒரே மெஷினில் நிற்கிறது.

லியூ மேடம் தன் பயணப் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். கையெழுத்துக் காகிதத்தை மாஸ்டர் நீட்டினார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வைண்டிங்காரனைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி “ஜ்யே?” என்று மட்டும் கேட்டார். யார் வாங்குகிறார்கள் என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. நான் கேட்டைக் காட்டினேன். வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பிரேக்கும் பதிலியும் அவருக்கு என்ன தெரியும். காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார். “நோ குட்,” என்றார். “அகெய்ன்.”

பால்பாண்டி ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார், பிள்ளைகள் நிற்குமே என்று. மாஸ்டர் ஒரு தடவை மெஷினின் நீளத்துக்கு நடந்து திரும்பி வந்தார்.

“டோக்கன் எங்கய்யா?”

“என் பையில இருக்கு சார்.”

“பையில வச்சிட்டுத்தான் இம்புட்டு நேரம் நிக்கிறியா? போய்க் குடு. மூணு பேருக்கும்.”

அதற்குப் பிறகு ஓடியதுபோல் நான் எதற்கும் ஓடியதில்லை.

அந்த வருஷம் தங்கபுஷ்பம் மட்டைக் களத்துக்குப் போகவில்லை. தொடர்ச்சியான சர்வீஸ் சேர்ந்துவிட்டதால் மறுவருஷம் பெர்மனென்ட் பேச்சு தானாக வந்தது. முதலாளிக்குப் பிடிக்காமலேதான் நடந்தது, ஆனால் நடந்தது. நான் அதற்குப் பிறகு மூன்று மில் மாறிவிட்டேன், ஓர் இடத்திலும் கால் தரிக்கவில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் எஃபிஷியன்சி ஏன் விழுகிறது என்று என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். மெஷினைத் திறப்பதற்கு முன்னால் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் போய் நில்லுங்கள். யார் ஓடுகிறார்கள், எதைப் பிடிக்க ஓடுகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் அவர்களோடு வண்டியில் ஏறிப் போய்ப் பாருங்கள். சீன பாஷையில் இன்றுவரை எனக்கு அந்த ஒரு வினைச்சொல்தான் தெரியும்.

அன்றைக்கு அந்த மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மாஸ்டர் பக்கம் யாரும் பார்க்கவில்லை. தங்கபுஷ்பமும் இசக்கியம்மாளும் அவசரமே இல்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்கள். வேன் போயிற்று. லியூ மேடம் டிரம்மின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அவர் வரிசைக்குள் போய்த் தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் நின்று, பெண்கள் சொல்லிக்கொடுத்திருந்த தமிழில் “வாரேன்” என்றார். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தங்கபுஷ்பம் பெட்டியைத் திறந்து, கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“சரிக்கா. நீங்க பதறாமப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்.”